அம்மாவுக்கு ஒரு பாட்டுப்பெட்டி

அரூர் வட்டத்துச் சிற்றூர்களில் மாலை வேளையில் தெருவழியே நடந்தால், ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு ஓர் ஒலி கேட்கும். ஒரு திண்ணையில் வானொலிச் செய்தி. அடுத்த வீட்டில் டேப் ரெக்கார்டரில் பாட்டு. அதற்கடுத்த வீட்டில் செபமாலை. இன்று அவ்வீடுகளுள் பலவற்றில் முதிர்ந்த தாயோ தந்தையோ மட்டுமே வாழ்கின்றனர். மஞ்சளும் மரவள்ளியும் கரும்பும் விளைந்த நிலத்தை விட்டுப் பிள்ளைகள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்றுவிட்டனர். பேச ஆளில்லாத வீட்டில் பகல் நீளமாக இருக்கிறது; இரவு அதைவிட நீளமாக இருக்கிறது.

இதை உணர்ந்த பிள்ளைகள் விழாக்காலத்தில் ஊர் திரும்பும்போது, பெற்றோருக்கென ஒரு சிறு பாட்டுப்பெட்டி வாங்கி வருவதுண்டு. நல்ல எண்ணமே. ஆயினும் ஆசையோடு வாங்கி வந்த பெட்டி, ஆறே மாதத்தில் அலமாரியின் மேல் தூசி படிந்து கிடப்பதையும் காண்கிறோம். பெட்டி பழுதானதா? இல்லை. பாட்டுக்குப் பஞ்சமா? அதுவும் இல்லை, ஆயிரக்கணக்கான பாடல்கள் அதற்குள் அடைந்து கிடக்கின்றன. இயக்க வேண்டிய கைக்கும் பெட்டிக்கும், கேட்க வேண்டிய உள்ளத்துக்கும் பாட்டுக்கும் பொருத்தம் பார்க்க எவரும் முனையவில்லை என்பதே குறை. திருமணத்துக்கு மட்டுமன்றி இதற்கும் பொருத்தம் பார்க்கத்தான் வேண்டும். அதை எவ்வாறு பார்ப்பது என்பதை இங்கே ஆராய்வோம்.

வந்த வழி

இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு இந்திய மண்ணில் 1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நடைபெற்றது. அப்போது பாடியவர்களுள் கௌஹர் ஜான் பெரும்புகழ் பெற்றார். ஆயினும் இசைத்தட்டும் அதைச் சுழற்றும் பெட்டியும் நெடுங்காலம் வசதி படைத்தோர் வீட்டுப் பொருளாகவே இருந்தன. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது. 1979-இல் சோனி நிறுவனம் வாக்மேன் என்னும் கையடக்கக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாட்டு அன்றுமுதல் மனிதரோடு நடக்கத் தொடங்கியது. விலை மலிந்த கேசட்டினால் சிற்றூர்ப் பாடகர் குழுவும் தன் பாடல்களைப் பதிவு செய்து பரப்ப முடிந்தது. வீட்டார் தங்கள் குரலையே பதிந்து கேட்கவும் முடிந்தது.

அடுத்த மாற்றம் ஜெர்மனியிலிருந்து வந்தது. அந்நாட்டின் பிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர், ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் முறையை வகுத்தனர். தவில் முழங்கும்போது அருகில் ஊசி விழுந்தால் நம் காதுக்குக் கேட்பதில்லை அன்றோ? அவ்வாறு காதுக்கு எட்டாத ஒலிகளை நீக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் எண்களாகப் பதிவதே அதன் சூட்சுமம். 1995-இல் அந்தக் கோப்புகளுக்கு எம்.பி.3 என்னும் பெயர்க்குறி வழங்கலாயிற்று.

1998-இல் கொரிய நாட்டின் சேஹான் நிறுவனம் எம்பிமேன் என்னும் சிறு கருவியை வெளியிட்டது. அதன் கொள்ளளவு 32 மெகாபைட். ஏறக்குறைய அரைமணி நேரப் பாட்டு. மூன்றே ஆண்டுகளில், 2001 அக்டோபரில், ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பையில் வைத்தது. 2022 மே மாதத்தில் அந்நிறுவனம் ஐபாட் தயாரிப்பை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. எல்லாரிடமும் செல்பேசி வந்துவிட்டபின் தனிக் கருவி எதற்கு என்பதே உலகின் எண்ணம்.

உலகம் அவ்வாறு எண்ணலாம். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்களின் நிலை வேறு. நம் குடும்பங்கள் பலவற்றில் சிற்றலையில் கேட்டுப் பழகிய ஆசிய வெரித்தாஸ் வானொலியை எண்ணிப் பாருங்கள். பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து 1969-இல் தொடங்கிய அந்நிலையம், 2018 ஜூன் 30-ஆம் நாளோடு சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தி இணைய வழிக்கு மாறியது. இளைஞருக்கு இது எளிதான மாற்றம். குமிழைத் திருப்பி மட்டுமே கேட்கத் தெரிந்த முதியவருக்கோ, பழகிய குரல் ஒன்று ஒரே நாளில் அடங்கிப்போயிற்று. அந்தக் குரலை இணையத்திலிருந்து இறக்கி, அவர் கைக்கு எட்டும் பெட்டியில் வைத்துக் கொடுக்க வீட்டில் ஒருவர் வேண்டும்.

செல்பேசி போதாதா?

போதும் என்போர் உண்டு. கண்ணும் விரலும் நன்றாக இயங்குபவருக்குப் போதும்தான். ஆனால் செல்பேசியின் கண்ணாடித் திரையில் தடவிப் பார்க்க மேடு பள்ளம் இல்லை. விரல் சற்று நடுங்கினாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று திறந்துகொள்ளும். பாட்டுக்கு நடுவே விளம்பரம் புகும். இணையத்தை நம்பிய பாட்டு, கட்டணம் தீர்ந்த அன்று நின்றுவிடும். சித்தேரி மலைப்பகுதி போன்ற இடங்களில் அலைவரிசை எல்லா மூலைகளிலும் ஒரே சீராகக் கிடைப்பதும் இல்லை. பாட்டுக் கேட்டே மின்கலம் வற்றிப்போனால், அவசரத்துக்கு மகனை அழைக்கவும் வழியிருக்காது.

தனிப் பாட்டுப்பெட்டிக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. அது ஒரே வேலையைச் செய்கிறது. படிக்கும் பிள்ளையிடம் செல்பேசியைக் கொடுக்கத் தயங்கும் பெற்றோருக்கும் இது ஏற்ற வழி. பாடமும் மொழிப் பயிற்சியும் பாட்டும் அதில் கேட்கலாம். கவனத்தைக் கலைக்கும் படங்கள் அதில் வாரா.

மூன்று வகைகள்

கடைகளில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, பாடல்கள் முன்னரே நிரப்பப்பட்ட பெட்டி. இதற்கு நம் நாட்டில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, சரிகம நிறுவனம் 2017-இல் வெளியிட்ட காரவான். எச்.எம்.வி. இசைத்தட்டுகளை வெளியிட்ட பழைய கிராமபோன் கம்பெனியே இன்று சரிகம என்னும் பெயர் தாங்கி நிற்கிறது. பழைய வானொலிப்பெட்டியின் தோற்றத்தில், பெரிய குமிழுடன், 5,000 பாடல்களை அடக்கி அது வந்தது. தமிழ்ப் பாடல்களுக்கெனத் தனிப் பதிப்பும் உண்டு. இணையம் வேண்டா, திரை வேண்டா, குமிழைத் திருப்பினால் பாடகர் வாரியாகவோ இசையமைப்பாளர் வாரியாகவோ பாட்டு வரும். ‘எல்லாம் செல்பேசியில் அடங்கிவிட்டது’ என்று சொல்லப்பட்ட காலத்தில் அது வரவேற்புப் பெற்றதற்கு அந்த எளிமையே காரணம். ஆயினும் அதிலுள்ள பாடல்கள் அந்நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து அந்நிறுவனமே தெரிந்தெடுத்தவை. நம் பங்கு ஆலயத்தில் பாடும் ஞானப்பாடல்களையோ நம் வீட்டுக் குரல்களையோ அந்தப் பட்டியலில் சேர்க்க இயலாது. அவற்றுக்குப் பெட்டியின் பின்புறத்தில் பென் டிரைவ் செருகும் வாயில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குதல் வேண்டும்.

இரண்டாவது, மெமரி கார்டோ பென் டிரைவோ செருகிப் பாடவைக்கும் சிறு ஸ்பீக்கர் பெட்டி. பண்பலை வானொலியும் பெரும்பாலும் இதிலேயே சேர்ந்திருக்கும். விலை குறைவு, நம் விருப்பப்படி நிரப்பலாம். தருமபுரி வானொலி நிலையத்தின் நிகழ்ச்சிகளை விரும்பிக் கேட்பவருக்கு இவ்வகை இரட்டைப் பயன் தரும். குறை என்னவெனில், தரம் பெட்டிக்குப் பெட்டி வேறுபடும்.

மூன்றாவது, இயர்போன் மாட்டிக் கேட்கும் சட்டைப்பைக் கருவி. ஒலித்தரம் உயர்ந்தது. மாணவருக்கும் நெடுந்தொலைவு பேருந்தில் செல்வோருக்கும் ஏற்றது. முதியோருக்கு இதன் சிறு எழுத்தும் சிறு பொத்தானும் இடராகும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

விலையையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன், பத்துப் பாடல்களை இரண்டு தொகுப்புகளாகப் பதிந்த மெமரி கார்டு ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டில் எல்லாப் பெட்டிகளும் நன்றாகவே பாடும். நம் பாட்டைப் போட்டால்தான் உண்மை தெரியும்.

பெட்டியை முடுக்கியவுடன் பாட்டு தானே தொடங்குகிறதா? சில பெட்டிகள் முடுக்கியதும் ‘புளூடூத்’ என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். மற்றொரு பொத்தானை அழுத்தினால்தான் பாடும். தனியே இருக்கும் மூதாட்டிக்கு அந்த ஒரு பொத்தானே பெரும் மலை. அடுத்து, அணைத்து மறுபடி முடுக்கினால் விட்ட இடத்திலிருந்து பாடுகிறதா, முதல் பாட்டுக்கே திரும்பிவிடுகிறதா? திரும்பிவிடும் பெட்டியில் முதல் ஐந்து பாடல்களே நாள்தோறும் ஒலிக்கும். எஞ்சியவை இருந்தும் இல்லாதவையே. ஒரு தொகுப்பிலிருந்து அடுத்த தொகுப்புக்குத் தாவப் பொத்தான் உண்டா? அணைத்து முடுக்கும்போது ஒலி அளவு முன்பிருந்த அளவிலேயே நிற்கிறதா, உச்சத்தில் அலறுகிறதா?

இவற்றைக் கவனித்தபின் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியைக் கையில் பிடியுங்கள். பொத்தான்களைத் தடவியே இனங்காண முடிகிறதா என்று பாருங்கள். மின்வெட்டு இரவில் அம்மாவின் நிலை அதுதான்.

ஒலியைப் பொறுத்தமட்டில், ‘அதிர்கிறது’ என்று கடைக்காரர் புகழும் பெட்டியை அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். வயது ஏற ஏற, பொதுவாக முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறனே. ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிவது கடினமாகும். இடியென முழங்கும் பெட்டியில் சொற்கள் மேலும் அமிழ்ந்துபோகும். இசை அதிராவிட்டாலும் குற்றமில்லை; சொல் தெளிவாக விழ வேண்டும். ஒரு சொற்பொழிவைப் போட்டுப் பார்த்து, அடுத்த அறையிலிருந்து சொற்கள் விளங்குகின்றனவா என்று கேட்டுத் தீர்மானியுங்கள்.

மின்கலத்தைக் கழற்றி மாற்ற இயலுமா என்பதும் இன்றியமையாத கேள்வி. நோக்கியா செல்பேசிகளில் பயன்பட்ட பி.எல்.5சி என்னும் தட்டை மின்கலமோ, 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 18650 என்னும் உருளை மின்கலமோ இருந்தால், செல்பேசிக் கடையிலோ மின்பொருள் கடையிலோ மாற்றிக்கொள்ளலாம். உள்ளேயே ஒட்டப்பட்ட மின்கலம் தளர்ந்தால் பெட்டி முழுவதுமே வீண். சார்ஜர் செருகும் துளை டைப்-சி வகையாக இருத்தல் நலம். அதை எப்பக்கம் திருப்பியும் செருகலாம். பழைய வகைத் துளையில் தலைகீழாகச் செருகி அழுத்தியே பல பெட்டிகள் கெடுகின்றன. மின்கலம் உப்பியிருந்தால் உடனே பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும். அதைக் குத்துவதோ தீயில் இடுவதோ கூடவே கூடாது.

எவ்வளவு இடம் வேண்டும்?

‘எத்தனை ஜி.பி.?’ என்பதே பலரும் முதலில் கேட்கும் கேள்வி. கணக்கைப் பார்ப்போம். வழக்கமான 128 கிலோபிட் தரத்தில் பதிந்த எம்.பி.3 பாட்டு, நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 மெகாபைட் இடம் பிடிக்கும். 8 ஜி.பி. கார்டில் 8,000 நிமிடங்கள், அதாவது 133 மணி நேரம் அடங்கும். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் கேட்டாலும் ஒரு சுற்று முடிய ஒன்றரை மாதம் ஆகும். எனவே 64, 128 என்று பெரிய கார்டுகளைத் தேடி ஓட வேண்டியதில்லை. மேலும், மலிவான பெட்டிகளில் பல 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டுகளைப் படிப்பதில்லை. கணினியில் கார்டைச் சீரமைக்கும்போது ‘ஃபேட் 32’ என்னும் முறையைத் தெரிவு செய்தால் பெரும்பாலான பெட்டிகள் ஏற்றுக்கொள்ளும். பெயரளவில் 64 ஜி.பி. என்று அச்சிட்டு, உள்ளே சிறிய கொள்ளளவே கொண்ட போலிக் கார்டுகளும் சந்தையில் உலவுகின்றன. வாங்கியவுடன் முழுவதையும் நிரப்பிப் பாடவைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

இடத்துக்குக் குறைவில்லை; கண்டெடுப்பதில்தான் இடர்ப்பாடு. ஐயாயிரம் பாடல்களுக்குள் பிடித்த ஒன்றைத் தேடிக் களைத்துப்போவதைவிட, இருநூறு பாடல்கள் இருந்து நினைத்தது நினைத்தவுடன் கிடைப்பதே மேல். களஞ்சியம் நிறைய நெல் இருந்தாலும், உலையிலிடும் படி அரிசியே அன்றைய பசியைத் தீர்க்கிறது.

கேட்டு அறிக, அடுக்கி வைக்க

பெட்டியை நமக்கேற்பச் செய்துகொள்வதில் முதற்படி கணினியில் இல்லை. அம்மாவின் பக்கத்தில் அமர்வதில் இருக்கிறது. ‘அம்மா, உனக்கு என்ன பாட்டு வேண்டும்?’ என்று கேட்டால், ‘எதையாவது போடு கண்ணு’ என்றே விடை வரும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ‘உன் கல்யாணத்தன்று என்ன பாட்டுப் போட்டார்கள்? நடவு நடும்போது என்ன பாடுவீர்கள்? அப்பா அடிக்கடி எதை முணுமுணுப்பார்? தவக்காலத்தில் பாடிய பழைய பாட்டு நினைவிருக்கிறதா?’ அப்போது முகம் மலரும். ஒரு பாட்டைத் தொடர்ந்து பத்துப் பாட்டு வரும். அவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை எந்த நிறுவனமும் முன்கூட்டி நிரப்பித் தர முடியாது.

பிறகு பொழுதுக்கேற்றபடி பிரியுங்கள்: காலைச் செபமும் பாடல்களும் ஒன்று, பகல் வேலை நேரத்துக்குப் பழைய திரைப்பாடல்கள் ஒன்று, மாலைச் செபமாலை ஒன்று, இரவில் கேட்க மெல்லிய பாட்டோ கதையோ ஒன்று. நான்கைந்து தொகுப்புகளுக்கு மேல் வேண்டா.

சிறு பெட்டிகள் தமிழ்ப் பெயர்களைக் காட்டுவது அரிது. எண் மட்டுமே ஒளிரும். ஆகையால் கோப்புகளுக்கு 001, 002, 003 என்று எண்ணிட்டுப் பெயர் வையுங்கள். பல பெட்டிகள் பெயரின் வரிசையைப் பாராமல், கார்டில் பதிந்த வரிசையிலேயே பாடும். எனவே காலியான கார்டில், எண் வரிசைப்படியே பதிந்து வாருங்கள். பின்னர் பெட்டி காட்டும் எண்ணையும் பாட்டின் முதல் சொற்களையும் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியின் பக்கத்தில் தொங்கவிடுங்கள். எண் பொத்தான் உள்ள ரிமோட் கிடைத்தால், வேண்டிய பாட்டை எண்ணை அழுத்தியே அழைக்கலாம்.

பல இடங்களிலிருந்து திரட்டிய பாடல்களில் ஒன்று முணுமுணுக்கும், மற்றொன்று அலறும். எம்.பி.3 கெய்ன் என்னும் இலவச மென்பொருள் அவற்றின் ஒலி அளவைத் தரம் குன்றாமல் சமப்படுத்தும். ஒவ்வொரு பாட்டுக்கும் எழுந்து குமிழைத் திருப்பும் தொல்லை முதியவருக்கு இராது.

பாடவைக்கும் பொத்தானின் மேல் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டால், பார்வை மங்கியவரும் தடவி அறிவர். செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது, பயனோ பெரிது.

கருவியின் உள்ளியக்கத்தையே மாற்றி அமைத்தவர்களும் உண்டு. 2001-இன் இறுதியில் சுவீடன் நாட்டு இளைஞர் சிலர், தாங்கள் வாங்கிய ஆர்க்கோஸ் இசைக்கருவியின் மென்பொருள் மனநிறைவு தராமையால், அதற்குத் தாங்களே ராக்பாக்ஸ் என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கினர். பல நாட்டுத் தன்னார்வலர் அதை வளர்த்தனர். பழைய ஐபாட் சிலவற்றிலும், சான்சா கிளிப் போன்ற சிறு கருவிகளிலும் அது இயங்கும். தொகுப்பின் பெயரையும் பொத்தானின் பணியையும் குரலால் சொல்லும் வசதி அதில் இருப்பதால், கண்பார்வையற்றோர் பிறர் துணையின்றிப் பாட்டைத் தெரிந்தெடுக்க முடிகிறது. வீட்டில் பழைய கருவி கிடந்தால், கணினி கற்ற பிள்ளைகள் அதற்குரிய குறிப்புகளைப் படித்து முயன்று பார்க்கலாம்.

மறையும் குரல்கள்

பாட்டைவிட அரிய பொருள் ஒன்று பல வீடுகளின் பரணில் கிடக்கிறது. அது பழைய கேசட். யாரோ ஒரு தாத்தா திருமண விருந்தில் பேசிய வாழ்த்து, பாட்டி பாடிய தாலாட்டு, வெளியூரிலிருந்த தந்தை கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய செய்தி. அக்குரல்களுக்கு உரியவர்கள் இன்று இல்லை. ஒலிநாடாவும் நிலையானதன்று, ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், வெப்பத்தில் தளரும், ஓட ஓடத் தேயும். நன்றாக இயங்கும் டேப் ரெக்கார்டரும் ஆண்டுக்கு ஆண்டு அருகிவருகிறது. ஒத்திப்போட இது காலமன்று.

முதலில் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிடுங்கள். அதன்பின் தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய குரல் அழியாது. 90 நிமிடக் கேசட்டில் ஏறத்தாழ 130 மீட்டர் நாடா இருக்கிறது, அது 60 நிமிடக் கேசட்டின் நாடாவைவிட மெல்லியது, எளிதில் சிக்கும். நெடுநாள் கிடந்ததை ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றியபின் ஓட்டுங்கள். ஒலிமுனையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் மெல்லத் துடைத்து, காய்ந்தபின் ஓட்டினால் குரல் தெளியும். டேப் ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து ஒரு கம்பியைக் கணினிக்கு இணைத்து, ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளால் பதியலாம். முதற்படியைச் சுருக்காமல் முழுத்தரத்தில் சேமியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 600 மெகாபைட் ஆகும். அதிலிருந்து பெட்டிக்கென எம்.பி.3 படி எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கு 64 கிலோபிட் தரமே போதும். ஒரு மணி நேரம் 30 மெகாபைட்டுக்குள் அடங்கும். மெமரி கார்டும் ஒருநாள் கெடக்கூடியதே. ஆகவே முதற்படியை இரண்டு இடங்களில், முடிந்தால் இரண்டு வீடுகளில், காத்து வையுங்கள்.

இன்று இருப்பவர்களின் குரலையும் பதிவு செய்யலாமே. அதற்குச் செல்பேசியே போதும். பேரப்பிள்ளைகள் வாரந்தோறும் ஐந்து நிமிடம் பேசிப் பதிந்து, பாட்டியின் பெட்டியில் ‘001’ என்னும் இடத்தில் வைத்துவிட்டால், அவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் கேட்பது பேரனின் குரலாக இருக்கும். தொலைபேசி அழைப்பு ஒருமுறை முடிந்துவிடும். இதையோ அவர் விரும்பிய போதெல்லாம் கேட்கலாம்.

பிறர் உழைப்பு

‘கார்டைக் கொடுங்கள், ஆயிரம் பாட்டு ஏற்றித் தருகிறோம்’ என்று சொல்லும் கடைகள் உண்டு. உரிமையாளரின் இசைவின்றி அவ்வாறு படியெடுத்து விற்பது குற்றம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் நீடிக்கும். பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள உரிமை அவர்தம் வாழ்நாளும் அதற்குமேல் 60 ஆண்டுகளும் நிற்கும். ஞானப்பாடல்களைப் பதிவு செய்து வெளியிடுவோர் பலர் சொந்தப் பணத்தைச் செலவிட்டே அதைச் செய்கின்றனர். அவர்தம் குறுந்தட்டை வாங்கியோ, முறையான வழியில் விலை கொடுத்து இறக்கியோ கேட்பதே, அடுத்த பாட்டை அவர்கள் உருவாக்கத் துணைநிற்கும். வாங்கிய பாட்டு நம்முடையதாகவே இருக்கும் என்பது மற்றொரு நன்மை. மாதக் கட்டணம் நின்ற நாளில் அது மறைந்துபோகாது.

செவிக்கும் அளவு உண்டு

இளைஞர் கையில் இயர்போன் உள்ள கருவியைக் கொடுக்கும்போது ஓர் எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட நெறிமுறை, பெரியவர் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் அளவில் கேட்கலாம் என்கிறது. சிறுவருக்கு அது 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 80-க்கு 40 மணி என்றால், 83-க்கு 20, 86-க்கு 10, 89-க்கு ஐந்து. பேருந்து இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும் பிள்ளை, ஒரு வாரத்துக்குரிய அளவை ஓரிரு நாளில் செலவழித்துவிடுவான். உட்செவியின் நுண்ணுணர் மயிரணுக்கள் மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அருகில் நின்று பேசுவது காதில் விழாத அளவுக்கு ஒலியை வைக்காதிருத்தல், மணிக்கொருமுறை காதுக்கு ஓய்வு தருதல் ஆகிய இரண்டையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். முதியவர் நாளுக்குநாள் ஒலியைக் கூட்டிக்கொண்டே சென்றால், பெட்டியைக் குறைகூறாமல் காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஒரு சொல்

மேலே சொன்னவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பெட்டி வாங்குவது ஒரு மணி நேர வேலை. பணம் இருந்தால் முடிந்துவிடும். பாட்டைக் கேட்டறிந்து, திரட்டி, எண்ணிட்டு, அட்டை எழுதி, பொத்தானைப் பழக்கித் தருவதற்கு இரண்டு மூன்று நாள்கள் வேண்டும்; பொறுமையும் வேண்டும். பெட்டி அலமாரிக்குப் போவதும் அம்மாவின் தலைமாட்டில் நிலைபெறுவதும் அந்த இரண்டு மூன்று நாள்களைப் பொறுத்தவை.

அடுத்த முறை மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கியோ, அரூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கியோ வீட்டுக்குச் செல்லும்போது, பெட்டியோடு ஒரு வெள்ளைத்தாளும் எடுத்துச் செல்லுங்கள். முதல் நாள் மாலை அம்மாவின் பக்கத்தில் அமர்ந்து, அவர் சொல்லும் பாட்டுகளை ஒவ்வொன்றாய் எழுதிக்கொள்ளுங்கள். விடுமுறை முடிந்து நீங்கள் திரும்பிய பின்னும் அந்த வீட்டில் ஒரு குரல் ஒலித்துக்கொண்டிருக்கும்.